வீட்டுக்கு வந்த சர்வர்

2008 வாக்கில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு குழந்தைகள் படப்புத்தகம் வெளியிட்டது. தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘அம்மா, நம்ம வீட்டுல எதுக்கு ஒரு சர்வர்?’ பாப்பா எங்கிருந்து வந்துச்சுன்னு பிள்ளை கேட்டால் பெற்றோர் திணறித் திணறிச் சொல்வார்களே, அந்தப் பாணியில் எழுதிய பகடி. ஆபீஸில் குளிர்சாதன அறைக்குள் இருக்கவேண்டிய ஒரு சாமான் ஏன் நம் ஹாலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பிள்ளைக்குப் புரியவைக்கும் சாக்கில் பெரியவர்களிடம் விற்கப் பார்த்த பொருளின் பெயர் விண்டோஸ் ஹோம் சர்வர்.

தமிழில் சர்வர் என்றால் இன்றைக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் ஹோட்டலில் தோசை கொண்டுவந்து வைப்பவர்தான். 1964-ல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ நாகேஷ். பெயர்ப்பொருத்தம் ஒன்றும் மோசமில்லை. கேட்டதை உள்ளே போய் எடுத்துவந்து மேசையில் வைப்பதுதான் ரெண்டு பேருக்கும் வேலை. இந்த ஹோட்டல் சர்வர் கட்டுரையில் இன்னொரு முறை வருவார்.

ஹோம் சர்வரை 2007 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் அறிவித்தார். யோசனை நல்ல யோசனை. வீட்டில் உள்ள எல்லா கம்ப்யூட்டரையும் ராத்திரியில் தானாக பேக்கப் எடுத்துவைக்கும். போட்டோ, பாட்டு, வீடியோ எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். வெவ்வேறு அளவு டிஸ்குகளை உள்ளே செருகினால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கிடங்காகக் காட்டும். இந்தக் கடைசி வித்தைக்கு டிரைவ் எக்ஸ்டெண்டர் என்று பெயர். ஹெச்.பி. போன்ற நிறுவனங்கள் இதற்காக அழகான சின்னப் பெட்டிகள் செய்து விற்றன.

அந்த வருடம் டிசம்பரில் மைக்ரோசாஃப்டே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஒன்றுக்கு மேல் டிஸ்க் இருக்கும் ஹோம் சர்வரில், சர்வரில் உள்ள கோப்பை அங்கேயே வைத்து சில மென்பொருள்களால் திருத்தினால் அது சிதைந்துபோகலாம். அந்தச் ‘சில மென்பொருள்’ பட்டியலில் மைக்ரோசாஃப்டின் சொந்த போட்டோ கேலரியும் இருந்தது! போட்டோ பத்திரமா இருக்கணும்னு வாங்கின பெட்டி, போட்டோவைத் திறந்து திருத்தினால் கெடுத்துவைக்கும். சரிசெய்த பதிப்பு 2008 ஜூலையில்தான் வந்தது. ஏழு மாதம், ‘சர்வரில் வைத்து எதையும் திருத்தாதீர்கள்’ என்பதுதான் வைத்தியம். 2010 நவம்பரில், அடுத்த பதிப்பில் டிரைவ் எக்ஸ்டெண்டரே இருக்காது என்று அறிவித்தார்கள். 2012-ல் கடையைச் சாத்தினார்கள்.

கேலிசெய்ய இதைச் சொல்லவில்லை. வீட்டு சேமிப்புப் பெட்டிகளின் வரலாற்றில் இது ஒரு வழக்கமான அத்தியாயம், அவ்வளவுதான். நாஸ் என்று இன்று சுருக்கமாக அழைக்கப்படும் பெட்டியை வாங்கப்போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் அநேகமாக டிஸ்க்கைப் பற்றியவை. எத்தனை டிபி? எந்தக் கம்பெனி டிஸ்க்? ரெண்டு டிஸ்க் போடுற பெட்டியா, நாலு போடுறதா? டிஸ்க் சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் பயமும் அங்கேயே நிற்கிறது. ஆனால் இந்த வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால், டிஸ்க் உயிரோடு இருக்கும்போதே ஜனங்கள் தங்கள் படங்களை இழந்த கதைகள் வரிசையாக வருகின்றன. கம்பெனி மூடியது, உறை வேறு யாருக்கும் திறக்கவில்லை, வாசல் திறந்துகிடந்தது, இப்படி. நான் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறேன். இந்தப் பெட்டி நாளைக்குக் காலையில் செத்துப்போனால், உள்ளே இருப்பதை எப்படி வெளியே எடுப்பேன்?

முதல் டிஸ்க் வீட்டுக்குள் நுழையக்கூடிய உருப்படி அல்ல. 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த ரமாக், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைச் சுழற்றியது. ஒரு டன்னுக்கு மேல் எடை. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள், அதாவது உங்கள் போன் இன்று எடுக்கும் ஒரே ஒரு படத்தின் அளவு. மாத வாடகை சுமார் 3,200 டாலர். அதற்குப் பிறகு முப்பது வருடம் டிஸ்க் என்பது வங்கி, விமானக் கம்பெனி, அரசாங்கம் சமாச்சாரமாகவே இருந்தது.

திருப்பம் பெர்க்லியில் நடந்தது. 1987-ல் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஓர் அறிக்கை எழுதினார்கள். அடுத்த வருடம் அது ஆய்வுக்கட்டுரையாக வந்தது. ஐபிஎம்மின் பெரிய, விலை உயர்ந்த டிஸ்க்குக்குப் பதிலாக, பர்சனல் கம்ப்யூட்டருக்கென்று வந்த மலிவான சின்ன டிஸ்குகளை நிறைய அடுக்கினால் என்ன? வேகம் கூடும், செலவு குறையும். ஒரே சிக்கல், சாவு. அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. ஒரு சின்ன டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், 100 டிஸ்க் அடுக்கில் 300 மணி நேரத்துக்கு ஒன்று போய்விடும். ரெண்டு வாரம்கூட இல்லை. அப்படியொரு அடுக்கை நம்பி யார் கணக்கு வழக்கு வைப்பார்கள்?

அதற்கு அவர்கள் தந்த விடைக்கு வைத்த பெயர் ரெய்டு. வருமானவரிக்காரர்கள் வீட்டுக்கு வரும் ரெய்டு இல்லை. ‘மலிவான டிஸ்குகளின் உபரி அடுக்கு’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம். ஒரு டிஸ்க்கில் 7, இன்னொன்றில் 5 இருந்தால், மூன்றாவதில் 12 என்று கூட்டுத்தொகையை எழுதிவை. இரண்டாவது டிஸ்க் செத்தால் 12-லிருந்து 7-ஐக் கழித்துக்கொள்ளலாம். உண்மையில் நடப்பது பிட் அளவில் இதற்கு ஒப்பான கணக்கு. இன்னும் எளிய வடிவம், எழுதுவதையெல்லாம் ரெண்டு டிஸ்க்கிலும் அச்சு அசலாக எழுதுவது. அதற்கு மிரர் என்று பெயர். கண்ணாடி.

பின்னாளில் ‘மலிவான’ என்ற சொல்லை வியாபாரிகள் ‘தனித்தனியான’ என்று மாற்றிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றுதான், சுருக்கம் கெடவில்லை. மலிவு என்று பெயரிலேயே போட்டுக்கொண்டு அந்த விலைக்கு யாரால் விற்க முடியும்?

அந்த மூவரும் தீர்க்க முயன்றது டிஸ்க் செத்தால் வேலை நிற்கக்கூடாது என்ற பிரச்சினையை. ஒரு டிஸ்க் போனாலும் வங்கியின் கவுன்ட்டர் திறந்திருக்கவேண்டும். நீங்கள் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் கண்ணாடியும் அதே நொடியில் அழிக்கும். வைரஸ் வந்து பூட்டினால் ரெண்டு டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். ரெய்டு பேக்கப் இல்லை என்று எல்லா மன்றங்களிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே, அதன் வேர் இதுதான். ஆனால் கடைக்காரர் ரெண்டு டிஸ்க் பெட்டியைக் காட்டி ‘ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கும் சார்’ என்று சொல்லும்போது, நம் காதில் அது பேக்கப் என்றுதான் விழுகிறது.

ஆபீஸ் சரித்திரத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1984-ல் சன் நிறுவனம், வேறொரு மெஷினில் இருக்கும் கோப்பை நம் மெஷினில் இருப்பதுபோலவே திறக்கும் என்.எஃப்.எஸ். முறையைக் கொண்டுவந்தது. 1992-ல் தொடங்கிய நெட்ஆப், கோப்பு பரிமாறுவதைத் தவிர வேறு எதுவும் செய்யாத ஒரு பெட்டியைச் செய்தது. ரொட்டி வாட்டும் டோஸ்டர்போல, செருகினால் வேலைசெய்ய வேண்டும் என்பது அவர்கள் இலக்கணம். டோஸ்டர் என்ற செல்லப்பெயரும் ஒட்டிக்கொண்டது. இன்று உங்கள் ரவுட்டருக்குப் பக்கத்தில் மினுக்மினுக்கென்று உட்கார்ந்திருக்கும் பெட்டிக்கு அதுதான் பாட்டி.

வீட்டுக்கான வழியைத் திறந்தவர் வேறொருவர். ஆஸ்திரேலியாவின் கான்பெர்ரா, ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம், ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் என்ற ஆராய்ச்சி மாணவர். 1991 கடைசியில் அவருக்கு ஒரு சின்னத் தேவை. தன் மேசையில் உள்ள பி.சி.யிலிருந்து யூனிக்ஸ் மெஷினில் இருக்கும் கோப்புகளைத் திறக்கவேண்டும். பி.சி. பேசும் மொழிக்கு இலக்கணப் புத்தகம் எதுவும் அவர் கையில் இல்லை. அதனால் நெட்வொர்க் கம்பியில் போகும் வரும் பேச்சை ஒட்டுக்கேட்கும் ஒரு நிரலை எழுதி, யார் என்ன கேட்டால் என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொண்டே போனார்.

பின்னாளில் இந்த முறையை விளக்க அவர் ஒரு உவமை சொன்னார். உங்களுக்கு பிரெஞ்சு தெரியாது. கற்றுத்தர ஆளோ புத்தகமோ இல்லை. பாரிஸில் ஒரு காபிக்கடைக்குப் போய் ஓரமாக உட்காருங்கள். வாடிக்கையாளர் சர்வரிடம் என்ன சத்தம் எழுப்புகிறார், சர்வர் என்ன கொண்டுவந்து வைக்கிறார் என்று நோட்டில் எழுதுங்கள். ‘ரொட்டி’ வரும்போதெல்லாம் முன்னால் ஒரே சத்தம் கேட்டால், அதுதான் ரொட்டிக்கான சொல். நான் சொன்னேனே, ஹோட்டல் சர்வர் மறுபடி வருவார் என்று.

1992-ல் அந்த நிரலை அவர் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். பிறகு பெயரில் ஒரு தகராறு. அவர் வைத்த பெயர் இன்னொரு கம்பெனியின் வணிகப்பெயர். மைக்ரோசாஃப்ட் உலகத்தின் அந்தக் கோப்புமொழிக்குப் பெயர் எஸ்.எம்.பி. ட்ரிட்ஜல் கம்ப்யூட்டரில் இருந்த அகராதியில் எஸ், எம், பி மூன்றும் அதே வரிசையில் வரும் சொற்களைத் தேடினார். சாம்பா கிடைத்தது.

இன்று கடையில் விற்கும் நாஸ் பெட்டிகள் அநேகமாக எல்லாவற்றிலும், பிராண்ட் எதுவானாலும், உள்ளே லினக்ஸ் ஓடும், அதன் மேல் சாம்பா ஓடும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பெட்டியும் மைக்ரோசாஃப்டுக்கு உரிமக்கட்டணம் கட்டியிருக்கவேண்டும், ஹோம் சர்வர் மாதிரி. ஐரோப்பிய ஆணையத்தின் ஏகபோக வழக்குக்குப் பிறகு, 2007 டிசம்பரில் சாம்பா குழு 10,000 யூரோ கட்டி மைக்ரோசாஃப்டின் அதிகாரபூர்வ ஆவணங்களையே வாங்கிக்கொண்டது. ஒட்டுக்கேட்டுக் கற்ற மொழிக்கு 15 வருடம் கழித்து இலக்கண நூல்! ஹோம் சர்வரின் எச்சரிக்கை வெளியான அதே மாதம் இது.

ட்ரிட்ஜலின் இன்னொரு பிள்ளை ஆர்சிங்க். பால் மெக்கராஸ் என்பவரோடு சேர்ந்து 1996-ல் எழுதியது. மெதுவான இணைப்பில் ஒரு பெரிய கோப்பைப் புதுப்பிக்கும்போது, முழுசையும் அனுப்பாமல், மாறிய துண்டுகளை மட்டும் கண்டுபிடித்து அனுப்பும். ரெண்டு பக்கமும் கோப்பின் துண்டுகளுக்குக் கணக்குப்போட்டு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் தந்திரம். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு பேக்கப் எடுக்க இன்றும் பல நாஸ் பெட்டிகளில் இந்த வசதி இருக்கிறது. பரிமாறும் மொழியையும் பத்திரப்படுத்தும் கருவியையும் உலகத்துக்கு ஒரே ஆள் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது, பெட்டியின் மேல் இருக்கும் லோகோதான் தெரியும். இதில் எனக்கு ஒரு சின்ன ஆற்றாமை உண்டு.

2004-ல் லிங்சிஸ் நிறுவனம் சுமார் 100 டாலருக்கு ஒரு குட்டிப் பெட்டி விட்டது. மாடல் பெயர் என்.எஸ்.எல்.யு.2. வாயில் நுழையாத அந்தப் பெயரை ரசிகர்கள் ‘ஸ்லக்’ என்று சுருக்கினார்கள். ஓடில்லாத நத்தை. உள்ளே டிஸ்க்கே கிடையாது. பின்னால் ரெண்டு யுஎஸ்பி துளைகள், அதில் உங்கள் டிஸ்க்கை நீங்களே செருகிக்கொள்ளலாம். 32 எம்பி நினைவகம். 266 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய சிப்பை, ஏனோ 133-ல் ஓடவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு ரெசிஸ்டரைப் பிடுங்கினால் முழு வேகம் வரும் என்று கண்டுபிடித்துப் பிடுங்கிவிட்டார்கள் நம் ஆட்கள்.

உள்ளே லினக்ஸ் இருந்ததால் உரிமப்படி மூலநிரலை வெளியிடவேண்டிய கடமை லிங்சிஸுக்கு இருந்தது, வெளியிட்டார்கள். அதை வைத்து ஒரு கூட்டம் தங்கள் சொந்த மென்பொருளை ஏற்றியது. பாட்டு பரிமாறும் சர்வர், டவுன்லோட் பெட்டி என்று அந்த நத்தையை என்னவெல்லாமோ செய்யவைத்தார்கள். டெபியன் லினக்ஸ் முழுசாகவே அதில் ஓடியது. இதில் நம் கேள்விக்கு முக்கியமான விஷயம் ஒன்றிருக்கிறது. ஸ்லக் தன் டிஸ்க்கில் எழுதியது லினக்ஸின் சாதாரண கோப்புமுறையில். பெட்டி செத்தால் டிஸ்க்கைக் கழற்றி எந்த லினக்ஸ் மெஷினிலும் செருகலாம், எல்லாம் அப்படியே இருக்கும். லிங்சிஸ் அந்தப் பெட்டியைக் கைவிட்டு வருடங்களாகிவிட்டன. அதனால் யாருடைய போட்டோவும் சிறைப்படவில்லை.

இதற்கு நேர் எதிர்த்திசையில் போனது ட்ரோபோ. 2007-ல் டேட்டா ரோபாட்டிக்ஸ் என்ற கலிஃபோர்னியா கம்பெனி கொண்டுவந்தது. கறுப்பு நிறம், நாலு துளை, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு விளக்கு. பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் மாற்று. ஒரு டிஸ்க் 500 ஜிபி, ஒன்று 1 டிபி என்று கண்டபடி செருகலாம், அது பார்த்துக்கொள்ளும். ரெய்டு பற்றி ஒரு வார்த்தையும் தெரியவேண்டாம். புகைப்படக் கலைஞர்கள் இதைக் கொண்டாடினார்கள், அதில் தப்பே இல்லை. அதுவரை யாரும் இந்த விஷயத்தை இத்தனை எளிதாக ஆக்கியதில்லை.

அந்த எளிமையின் பெயர் பியாண்ட்ரெய்டு. கம்பெனிக்கு மட்டுமே தெரிந்த எழுத்துமுறை. டிஸ்குகளை இன்னொரு ட்ரோபோவில் செருகினால் படிக்கும், வேறு எதிலும் படிக்காது. கம்பெனி கைமாறிக் கைமாறி 2018-ல் ஸ்டோர்சென்ட்ரிக் என்ற நிறுவனத்திடம் போனது. 2022 ஜூனில் ஸ்டோர்சென்ட்ரிக் திவால் மனு போட்டது. 2023-ல் மறுசீரமைப்பு முயற்சியும் கைவிடப்பட்டு, சொத்தை விற்றுக் கடனடைக்கும் கட்டத்துக்குப் போனது. அதன் பிறகு பெட்டியின் மின்பலகை ஒன்று புகைந்தால், நாலு நல்ல டிஸ்குகளை மடியில் வைத்துக்கொண்டு, பழைய சாமான் விற்பவர்களிடம் ‘ஓடுற ட்ரோபோ இருக்கா?’ என்று தேடவேண்டும். இல்லையென்றால் காசு கொடுத்து மீட்பு மென்பொருள் வாங்கவேண்டும். டிஸ்க் நாலும் நலம். விளக்குதான் எரியாது.

அடுத்தது வாசல் கதை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் 2010-ல் வந்தது. புத்தகம் போன்ற வடிவம், உள்ளே ஒரே டிஸ்க், வெளியூரிலிருந்தும் இன்டர்நெட் வழியாகப் படம் பார்க்கலாம். 2015-க்குப் பிறகு அதற்கு மென்பொருள் புதுப்பிப்பு எதுவும் வரவில்லை. பெட்டி பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. 2021 ஜூன் கடைசியில் ஒருநாள், உலகின் பல மூலைகளிலும் அதை வைத்திருந்தவர்கள் திறந்து பார்த்தால் ஃபோல்டர்கள் காலி. யாரோ இன்டர்நெட் வழியாக வந்து, பெட்டியை ஃபேக்டரியிலிருந்து வந்த நிலைக்குத் திருப்பும் கட்டளையைக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கட்டளைக்கு முன்னால் கடவுச்சொல் கேட்கும் வரிகள் நிரலில் இருந்தன. ஆனால் இயங்காதபடி, குறிப்பு வரிகளாக மாற்றிவைக்கப்பட்டிருந்தன. கதவு இருந்தது, பூட்டும் இருந்தது, பூட்டைக் கழற்றித் திண்ணையில் வைத்திருந்தார்கள். பின்னர் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தன் செலவில் டேட்டா மீட்பு செய்துதர முன்வந்தது.

அதே வருடம் ஏப்ரலில் கியூநாப் பெட்டிகளுக்குள் நுழைந்த கியூலாக்கர் கும்பல், கோப்புகளையெல்லாம் கடவுச்சொல் போட்ட 7-ஜிப் பொட்டலங்களாகக் கட்டிவிட்டு, ஆளுக்கு 0.01 பிட்காயின் கேட்டது. பெட்டிக்குள் ரெய்டு போட்டு வைத்திருந்தவர்களுக்கும் இதே கதிதான்.

ஆகவே நாஸ் வாங்கினால், வெளியூரிலிருந்து பார்க்கலாம் என்ற வசதிக்காக ரவுட்டரில் துளை திறந்துவைக்காதீர்கள். வேண்டுமென்றால் வி.பி.என். வழியாகப் போகலாம். எத்தனை வருடம் மென்பொருள் புதுப்பிப்பு தருவார்கள் என்பது எத்தனை டிபி என்பதைவிட முக்கியமான கேள்வி. விலைச்சீட்டில் அது இருக்காது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ளணும்.

டிஸ்க் கம்பெனிகளையும் முழுசாக விட்டுவிட முடியாது. 2012-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல், வீட்டு நாஸுக்கென்றே சிவப்பு லேபிள் ஒட்டிய ரெட் டிஸ்குகளை விட்டது. 2020 ஏப்ரலில் ஒரு குட்டு உடைந்தது. 2-லிருந்து 6 டிபி வரையிலான சில ரெட் டிஸ்குகளில், சொல்லாமல் கொள்ளாமல் எழுத்துமுறையை மாற்றியிருந்தார்கள். பழைய வீட்டுக் கூரையில் ஓடு வேய்வதுபோல, ஒரு தடத்தின் மேல் அடுத்த தடம் கொஞ்சம் ஏறி உட்காரும். இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் அதன் மேல் ஏறியிருப்பதையும் எடுத்துப் போடவேண்டும். தினசரி உபயோகத்தில் இது பெரிதாகத் தெரியாது. ரெய்டில் செத்த டிஸ்க்குக்குப் பதில் புது டிஸ்க் போட்டு, அதை முதலிலிருந்து கடைசிவரை எழுதும்போதுதான் மூச்சு வாங்கும். சாதாரண டிஸ்க்கிலேயே 12 டிபியை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுத சுமார் 17 மணி நேரம் ஆகும். அந்த 17 மணி நேரமும் மிச்ச டிஸ்குகள் தாங்கவேண்டும். வழக்குகள் வந்தன, பழைய முறையில் எழுதும் டிஸ்குகளை ‘ரெட் பிளஸ்’ என்று பெயர் பிரித்தார்கள். வாங்கும்போது சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா என்று கேளுங்கள். ஓடு வேய்ந்தது எஸ்.எம்.ஆர்.

2025-ல் இன்னொரு விதமான பூட்டு வந்தது. தைவானின் சினாலஜி 2000-ல் தொடங்கிய நிறுவனம், வீட்டு நாஸ் என்றாலே பலர் வாயில் முதலில் வரும் பெயர். அந்த வருடம் ஏப்ரலில், தன் புதிய பிளஸ் வரிசைப் பெட்டிகளில் தான் விற்கும் அல்லது தான் சான்றளிக்கும் டிஸ்குகள் மட்டுமே முழுசாக வேலைசெய்யும் என்று அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். அக்டோபரில் புதிய மென்பொருள் பதிப்போடு சினாலஜி பின்வாங்கியது. இந்தக் கோபத்துக்கு நடுவிலும் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு, சொல்லிவிடுகிறேன். வெவ்வேறு அளவு டிஸ்குகளைச் சேர்க்கும் அவர்களின் ஹைப்ரிட் ரெய்டு, ட்ரோபோ செய்த அதே வேலையைச் செய்கிறது. ஆனால் உள்ளே இருப்பது லினக்ஸின் வழக்கமான கருவிகள்தான். பெட்டி செத்தால் டிஸ்குகளை ஒரு பி.சி.யில் செருகி உபுண்டு வழியாகப் படிப்பது எப்படி என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

பெட்டி எதுக்கு, கூகுளில் போட்டால் போச்சு என்று நினைத்தோம். 2015-ல் கூகுள் போட்டோஸ் அளவில்லாத இடம் இலவசம் என்றது, 2021 ஜூன் 1-ல் அதை நிறுத்தியது. மைஸ்பேஸ் 2019-ல், சர்வர் மாற்றும்போது 2015 வரை பயனர்கள் ஏற்றிய பாட்டும் படமும் போய்விட்டன, மன்னிக்கவும் என்றது. கிளவுட் என்பதும் இன்னொருவர் வீட்டு சர்வர்தானே.

இனி உங்கள் மேசைக்கு வருவோம். சினிமா சேகரிப்பையும் குடும்பப் படங்களையும் ஒரே பெட்டியில் வைப்பது சரி, ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது சரியில்லை. 3 டிபி படம் போனால் ரெண்டு வாரத்தில் திரும்ப இறக்கிவிடலாம். வி.எச்.எஸ். கேசட்டிலிருந்து மாற்றிவைத்த பெரியப்பா கல்யாண வீடியோ, தாத்தா பேசிய நாலு நிமிஷ ஆடியோ, இவற்றை எங்கே போய் இறக்குவது? பெரும்பாலான வீடுகளில் இந்த இரண்டாவது வகை அரை டிபிகூட வராது. சினிமாவுக்கு ஒரு பிரதி போதும், ரெய்டுகூட வேண்டாம். பட்ஜெட் முழுசும் அந்த அரை டிபிக்குப் போகட்டும்.

அதற்கு புகைப்படக்காரர் பீட்டர் க்ரோவின் பெயரோடு வழங்கும் 3-2-1 கணக்கு போதும். மூன்று பிரதி, ரெண்டு வகைச் சாதனம், ஒன்று வெளி வீட்டில். ஒன்று நாஸில், ஒன்று யுஎஸ்பி டிஸ்க்கில், மூன்றாவது தஞ்சாவூரில் அக்கா வீட்டு பீரோவில், புடவைக்கு அடியில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். பீரோவில் கிடக்கும் டிஸ்க்கை எந்தக் கும்பலாலும் பூட்ட முடியாது.

பெட்டியைப் பொறுத்தவரை என் தீர்ப்பு, ரெண்டு டிஸ்க் மிரர், லினக்ஸின் பொதுவான கோப்புமுறை, அவ்வளவுதான். கை வேலையில் ஆசை உள்ளவர்கள் பழைய பி.சி. ஒன்றில் ட்ரூநாஸ் போடலாம். 2005-ல் ஃபிரான்சில் ஒலிவியே கோஷார்-லாபே ஃப்ரீநாஸ் என்று தொடங்கிய இலவச மென்பொருளின் இன்றைய பெயர் அது. சன் நிறுவனத்தில் பிறந்த இசட்.எஃப்.எஸ். கோப்புமுறை அதில் உண்டு. படிக்கும் ஒவ்வொரு முறையும், எழுதியது அப்படியே இருக்கிறதா என்று செக்சம் பார்க்கும். டிவியே எச்.265 வீடியோவை நேராக ஓட்டும் என்றால், வீடியோவை மாற்றித்தரும் பெரிய பிராசசருக்குக் காசு போடவேண்டாம். அந்தக் காசில் ஒரு சின்ன யு.பி.எஸ். வாங்குங்கள். யுஎஸ்பி கம்பியால் நாஸோடு இணைக்கும் வகை என்றால், கரண்ட் போனதும் பெட்டி தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். நம் ஊர் மே மாதத்தில் அதை மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைக்காதீர்கள்.

1998-ல் பிக்ஸாரில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஓர் அழிப்புக் கட்டளை, படத்தின் பெரும்பகுதியைச் சர்வரிலிருந்து துடைத்துக்கொண்டே போனது. பேக்கப் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அது ஒழுங்காகப் பதிவாகவே இல்லை, யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலைபார்த்த கேலின் சஸ்மன் என்ற பொறுப்பாளரின் வீட்டு மெஷினில் ஒரு பிரதி இருந்தது. போர்வையில் சுற்றி, காரின் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார்கள். காப்பாற்றிய அந்தப் படத்தின் பெரும்பகுதியைச் சில மாதங்களில் பிக்ஸாரே தூக்கிப்போட்டுவிட்டுக் கதையை மறுபடி முதலிலிருந்து எழுதியது.